கறுப்புத் தூள்

நாளைய ரிமோட் கார் பந்தயத்துக்கு எந்த மோட்டாரை மாட்டுவது என்று பார்க்க, யாஸ்மின் இரண்டையும் ஒரே காரில் மாற்றி மாற்றி ஓட்டினாள். முதலில் புது பிரஷ்லெஸ் மோட்டார் பறந்தது. அடுத்து ஓடிய பழைய பிரஷ் மோட்டார் அரை விநாடிதான் பிந்தியது. இரண்டும் மேஜையில் சூடு ஆறின.

"உள்ளேருந்து கறுப்பா ஏதோ கொட்டுதே, அண்ணே," என்றது பிரஷ்லெஸ்.

"கார்பன் தூள்ப்பா. எனக்குள்ள இருக்கிற கார்பன் பிரஷ் சுத்தச் சுத்த உரசித் தேயும், உனக்குத்தான் பிரஷ்ஷே கிடையாதே. இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே தேஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா அந்த ஓட்டம் ஓடினீங்க?"

"நீ ஓடினதைப் பார்த்த பிறகு மெதுவா ஓட மனசு வரல."

யாஸ்மின் பிரஷ்லெஸைக் கையில் எடுத்தாள். போகிறபோது அது தன்னை ஒருமுறை உதறிப் பார்த்தது. ஒரு பொட்டுத் தூள்கூட விழவில்லை.