எட்டு, நான்கு, ஒன்று

மாமனார் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோகும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு அவருடைய மெஷினை அணைத்தாள்.

அவர் மேசைமேல் இருப்பது வெறும் திரைதான். மெஷின் சர்வர் அறையில் இருந்தது. பெரிய வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவதுபோல, ஒரே கணினிக்குள் ஆளுக்கொரு வெர்ச்சுவல் மெஷின். யாருடைய அறை எவ்வளவு பெரிது என்பதை ஒரே ஒரு வரிக் கட்டளை தீர்மானிக்கும். அந்த வரியை எழுதுவதுதான் அவள் உத்தியோகம்.

அவருடைய வரியில் -m 32G -smp 8 என்று இருந்தது. முன்னது மெமரி. பின்னது, எத்தனை ப்ராசசர் என்ற எண்ணிக்கை.

மெமரியில் முப்பத்திரண்டை எட்டாக்கினாள். ப்ராசசரில் எட்டை நான்காக்கினாள்.

ஜிகாபைட்டைக் குறிக்கும் G என்ற எழுத்தின்மேல் மட்டும் கை வைக்கவில்லை. அது இல்லாவிட்டால் எட்டு என்பது வெறும் எட்டு மெகாபைட். மெஷின் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மேலாளர் கேட்டது அதுவல்ல. அது எழுந்திருக்க வேண்டும். நடக்கத் திணற வேண்டும்.

“நாம அனுப்பினா நஷ்டஈடு, கேஸுன்னு இழுக்கும். அவராவே போயிட்டா யாருக்கும் தலைவலி இல்ல,” என்று காலையில் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தார் மேலாளர். “ஒரே வீட்ல ரெண்டு பேர் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. யார் இருக்கணும்னு நீங்களே பாத்துக்கோங்க.”

கணவன் வேலை போய் வீட்டில் இருந்தான். மகன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான்.

முடிவெடுக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அதுதான் பின்னால் உறுத்தியது.

பாலங்களின் சுமையைக் கணக்கிடுவது மாமனாரின் வேலை. எத்தனை லாரி ஒரே நேரத்தில் நின்றால் எந்தத் தூண் முனகும் என்று மெஷினில் ஓட்டிப் பார்த்துச் சொல்வார். அலுவலகத்தில் அவருக்குப் பாலக்காரர் என்று பட்டப்பெயர். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அதைப் பால்காரர் என்று காதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஊற்றுவீர்களா என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சாப்பிட்டு வந்தவர் சற்று நேரத்தில் போனில் கூப்பிட்டார்.

“அம்மாடி, கணக்கு நகரவே மாட்டேங்குது. மெஷினைக் கொஞ்சம் பாரேன்.”

பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் விட்டாள்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு மாமா. நீங்க ஏதாவது தப்பாக் குடுத்திருப்பீங்க.”

“நானா?” என்றவர், போனை வைக்கும் முன், “இருக்கும்” என்றார்.

அன்றிலிருந்து, காலையில் முடிய வேண்டிய கணக்கு மாலைவரை இழுத்தது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர் வாட்சைப் பார்த்துக்கொண்டார். மாமனார் கண்ணாடியை மாற்றினார். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சமமாக நின்று சண்டை போட்டவர்களெல்லாம் நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

“தாக்குப்பிடிக்கிறாரே,” என்றார் மேலாளர்.

அவள் மறுபடி அந்த வரியைத் திறந்தாள். மெமரி இரண்டு. ப்ராசசர் ஒன்று.

மறுநாள் அவர் கூப்பிட்டபோது, எப்போதோ மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

“மெஷினுக்கு ஒண்ணுமில்ல மாமா. உங்களுக்குத்தான் ஓய்வு வேணும்.”

அந்தப் பக்கம் விசைப்பலகையில் ஏதோ தட்டும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு, “சரிம்மா” என்றார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. நம்பிவிட்டார் என்று நினைத்தாள்.

இன்று ராஜினாமா கொடுத்தார். கேக் வெட்டினார்கள். மேலாளர் அனுபவம் என்ற சொல்லை வாய் நிறையச் சொல்லிப் பேசினார். கேக் துண்டோடு அவளை ஒதுக்கமாக அழைத்துப்போய், அடுத்தது கணக்குப் பிரிவில் இருக்கும் அந்த வயதான அம்மாள் என்று காதோடு சொன்னார்.

இருவரும் வழக்கம்போல ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

சாப்பிடும்போது கணவன்தான் பேச்செடுத்தான். “விடுங்கப்பா. வயசானா வேகம் குறையத்தான் செய்யும். இதுல என்ன வெக்கம்?”

“ஆமாப்பா,” என்றார் அவர். “முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது.”

சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவச் சமையலறைக்கு வந்தார். அவள் நகர்ந்து இடம்விட்டாள். குழாயைத் திறந்து, தட்டைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

“அடுத்தவங்களுக்குப் பண்ணும்போது ப்ராசசர் ஒண்ணுன்னு போடாதம்மா. ரெண்டா விடு. ஒண்ணு போட்டா, உள்ள போய்ப் பாக்கணும்னு யாருக்கும் தோணிடும்.”

தட்டைக் கவிழ்த்து வைத்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேரனைத் தூங்கவைக்கப் போனார்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

“என்ன சொல்றாரு அப்பா?” என்று உள்ளே எட்டிப் பார்த்தான் கணவன்.

“குழம்பு நல்லா இருந்துச்சாம்,” என்றாள்.