பறவைமேல் பழி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு காரின் பெயிண்ட் உரிந்த கதை சொல்கிறேன்.

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத கார். பானெட்டில் பெயிண்ட் வெங்காயத் தோல்போல் உரிந்து வந்தது. அந்த வயதான தம்பதி ஷோரூமுக்கு வருவது இது நான்காவது முறை. சர்வீஸ் மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

"பறவை எச்சம் பட்டு வந்த சேதம். வாரண்டியில வராதும்மா."

"எங்க வண்டி மூடின ஷெட்டுல நிக்குது தம்பி! பறவை என்ன, கதவைத் தட்டிட்டா உள்ள வருது?" அம்மா கணவரிடம் திரும்பினார். "ஏங்க, வாயைத் திறந்து பேசுங்களேன்!"

அவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வார்த்தைகூட மாறலை. முப்பத்தாறு வருஷம் முன்னாடி, இதே அறையில மேனேஜரா உட்கார்ந்து இதை எழுதினதே நான்தான்."

மேனேஜருக்குத் தெம்பு வந்தது. "அப்போ உங்களுக்கே தெரியுமே சார், இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு."

"அப்படித்தான் நானும் ஒரு பொண்ணுகிட்ட சொன்னேன். அப்பாவோட வண்டிக்காக வந்தவ. கையில ஒரு பச்சை பிளாஸ்க். ஒன்பது நாள், காலையில எதிர்ல வந்து உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பா. பத்தாம் நாள் வண்டி முழுக்க இலவசமா பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தேன்."

"அப்புறம்?"

அம்மா பையிலிருந்து நிறம் மங்கிய பச்சை பிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார். "பதினோராம் நாள் என்னைப் பொண்ணு கேட்டு வந்துட்டார், தம்பி."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் போனை எடுத்தார். "பெயிண்ட் பிரிவா?"

உங்கள் வீட்டு வண்டி மங்காமல் இருக்கட்டும்; அதில் சேர்ந்து ஏறுகிறவர்களின் சிரிப்பும் மங்காமல் இருக்கட்டும்.