டயரில் ஒரு வீக்கம்

"டயரு வீங்கிக்கினு இருக்குது சரோஜா. இதோட ஈசிஆர் ரோட்டுல போவக் கூடாது."

திருப்போரூரில் காரை ஓரங்கட்டிவிட்டு ராஜாராம் இப்படிச் சொன்னதும் அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? போன வருஷம் கம்பி தெரிகிற டயரோடு மேல்மருவத்தூர் போய்வந்த மனுஷன் இவர். காற்று அடிக்கச் சொன்னாலே அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அவருக்கு இன்றைக்கென்று டயர் ஞானம் பிறந்துவிட்டது.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அவர்கள் கிளம்பியது திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்த. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வர வேண்டும். பிறகு மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய் அதைக் கோயிலிலேயே சேர்க்க வேண்டும்.

மகள் ஜெயப்பிரியா போன வருஷமே சுற்றிவிட்டாள். வரனும் அமைந்தது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று விலகிக்கொண்டார்கள். அந்த மாலை இன்னமும் சாமி அறையில் சருகாய்த் தொங்குகிறது.

இன்னொரு தடவை சுற்றினால் எல்லாம் சரியாகும் என்று சரோஜாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். ஜெயப்பிரியாவிடம் கேட்டபோது "சரிம்மா" என்றாள். கல்யாணம் நின்றதிலிருந்து எதைச் சொன்னாலும் அவளுக்குச் சரிம்மாதான். சாப்பாட்டைக் கூட யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு.

கார் நின்ற இடத்துக்கு எதிரிலேயே பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் கருப்பன் ஒரு தண்ணீர் லாரியின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன் என்றார்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பலாமே என்றாள் சரோஜா. அதிலும் காற்று இல்லை, இன்றைக்குச் சகுனமும் சரியில்லை, மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார் ராஜாராம்.

"கோயிலுக்குப் போனா வெடிக்கிற டயரு, வூட்டுக்குப் போனா வெடிக்காதா?"

அவர் குனிந்து டயரின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

சரோஜா விடவில்லை. பெற்ற பெண் மேல் அக்கறை உள்ள அப்பன் இப்படிச் சாக்கு தேடுவானா என்று ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் கால் நீட்டிப் படுக்க வேண்டும், அதுதான் விஷயம் என்றாள். சொந்தக்காரர்களின் வாயில் விழுந்து எழுவது தான் ஒருத்திதானே என்றாள். லாரி டிரைவர் கூட ராஜாராமை ஒரு மாதிரி பார்த்தார்.

பின் சீட்டில் மாலைப் பையை மடியில் வைத்திருந்த ஜெயப்பிரியா கண்ணாடியை இறக்கினாள்.

"அப்போ இன்னிக்குப் போவலையாப்பா?"

"போவலம்மா."

அவள் பையைச் சீட்டில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். பக்கத்துக் கடையில் வடை வெந்துகொண்டிருந்தது.

"அம்மா, பசிக்குது. அந்தக் கடையில எதுனா சாப்பிடட்டா?"

சரோஜா பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டினாள். இந்தப் பெண் பசிக்குது என்று சொல்லிக் கேட்டு எத்தனை மாசமாகிவிட்டது. ஜெயப்பிரியா இட்லி வாங்கினாள். சட்னி போதவில்லை என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டு வாங்கினாள். அந்த அம்மா என்னவோ சொல்ல, சிரித்துவிட்டு ஒரு வடையும் போடச் சொன்னாள்.

அதற்குள் கருப்பன் லாரி வேலையை முடித்துவிட்டு வந்தார். டயரைத் துணியால் துடைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இது வீக்கம் இல்ல சார், பள்ளம். வெளிய பொடச்சிக்கினு இருந்தா உள்ள நூலு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அத்த ஓட்டவே கூடாது. இது உள்வாங்கிக்கினு கீது. டயரு செய்யும்போதே உள்ள நூல ஒட்டுற எடத்துல இப்டி வரும். ஒண்ணும் ஆவாது, தைரியமா போங்க."

"இன்னொரு தபா பாருப்பா" என்றார் ராஜாராம். குரல் கெஞ்சியது.

"எத்தினி தபா பாத்தாலும் பள்ளம் பள்ளந்தான் சார்."

"கேட்டுக்கினீங்களா? கெளம்புங்க" என்றாள் சரோஜா.

கடை வாசலில் நின்ற ஜெயப்பிரியாவின் காதிலும் அது விழுந்தது. கடித்த வடையைத் தட்டிலேயே வைத்தாள். கையைக் கழுவினாள். காருக்கு வந்து மாலைப் பையைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா, போலாம்."

ஜெயித்த முகத்தோடு கணவரைத் திரும்பிப் பார்த்தாள் சரோஜா. அவர் பார்வை மகள் வைத்துவிட்டு வந்த அந்த மிச்ச வடை மேல் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

காலையிலிருந்து இந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்தது டயரை அல்ல, மகளைத்தான் என்பது அப்போதுதான் சரோஜாவுக்குப் புரிந்தது. இத்தனை பேர் நடுவில் தான் கொட்டிய வார்த்தைகளும் ஒவ்வொன்றாய் ஞாபகத்துக்கு வந்தன.

கருப்பன் கையைத் துடைத்துக்கொண்டு நகரப் போனார். அவரை நிற்கச் சொல்லிவிட்டு, சரோஜா கோயிலுக்கென்று கட்டியிருந்த பட்டுப் புடவையோடு அந்த மண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டயரின் பக்கவாட்டை விரலால் தடவினாள்.

"நல்லா பாத்துச் சொல்லுப்பா" என்றாள், காருக்குள் இருக்கும் மகளுக்குக் கேட்கும்படி. "எனக்கும் வீங்கின மாதிரிதான் தெரியுது."