கறை படிந்த கோட்டு

போர்முனை ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் டாக்டரின் கோட்டுக்கு ஏகப்பட்ட பெருமை. துவைத்ததே கிடையாது. ரத்தம் காய்ந்து காய்ந்து, ஆள் இல்லாமலே விறைப்பாக நிற்கும்.

“ஒவ்வொரு கறையும் ஒரு ஆபரேஷன். என் அனுபவத்தைப் பார்த்தியா?” என்றது, புதிதாக வந்த நர்ஸின் சோப்பிடம்.

“பார்த்தேன் அண்ணே. அதுல எத்தனை பேர் பிழைச்சாங்க?”

அதற்குள் நர்ஸ் கோட்டைக் கொதிக்கும் தண்ணீரில் அமுக்கிவிட்டாள்.

“ஐயோ, என் அனுபவமெல்லாம் போகுதே!”

அன்றிலிருந்து தினமும் வெந்நீர், சோப்பு, வெயில். ஒரு நாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது, காலில் கட்டோடு ஒரு சிப்பாய் மெல்ல நடந்து வந்தான்.

“யாருப்பா இது?”

“நீங்க போன வாரம் ஆபரேஷன் பண்ணினவர்தான் அண்ணே,” என்றது பாதியாய்த் தேய்ந்திருந்த சோப்பு.

கொடியே அறுந்துவிடும்போல் கோட்டு துள்ளியது. அதற்கு ஆளை அடையாளமே தெரியவில்லை. தன் நோயாளி ஒருவன் எழுந்து நின்று இதற்கு முன் அது பார்த்ததேயில்லை.