மார்லிஸை எடுத்துவிடு

மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“டெரெக், என்னை சர்வர் அட்மின் குரூப்லேருந்து எடுத்துடு.”

“என்ன ஆச்சு மார்லிஸ்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. நேத்து பழசுன்னு நினைச்சு நர்சிங் பசங்க குரூப்பையே அழிச்சிட்டேனே! பரீட்சை அன்னைக்கு ஒருத்தருக்கும் கேள்வித்தாள் திறக்கல. இனிமே அந்த அதிகாரம் என் கையில இருக்கக் கூடாது.”

“இந்தக் காலேஜ் சர்வரை எல்லாம் உருவாக்கினதே நீங்கதான். ஒரு தப்புக்காகவா?”

“பேசாம டைப் பண்ணு. நீக்குறதுக்கு மைனஸ் டி, அப்புறம் என் பேரு, கடைசியா குரூப் பேரு. உன் வேகத்தைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வருது.”

அடித்தேன். உடனே திரையை மறைத்தபடி அவர் பக்கம் திரும்பினேன்.

“ஆச்சு, மார்லிஸ்.”

அவர் முகம் தெளிந்தது. “இப்பதான் நிம்மதியா இருக்கு. ஆர்லனுக்குத் தெரிய வேண்டாம், வருத்தப்படுவார்” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே காரை அணைக்காமல் காத்திருந்த அவர் கணவர் ஆர்லன், என்னை அண்ணாந்து பார்த்தார். ஆயிற்று என்று தலையசைத்தேன். அவர் மனைவியின் கையைப் பிடித்துக் காரில் உட்கார வைத்தார்.

திரையில் கம்ப்யூட்டரின் பதில் அப்படியே இருந்தது. ‘இந்தப் பெயர் இந்தக் குரூப்பில் இல்லை.’

போன இலையுதிர் காலத்திலேயே அவர் பெயரை எடுத்துவிட்டேன். அவர் வேலையை விட்டதும் அப்போதுதான். இப்போது பனி உருகத் தொடங்கிவிட்டது. மார்லிஸுக்கு மட்டும் அது இன்னும் நேற்று.

நாளைக் காலையும் வருவார். “என்ன ஆச்சு மார்லிஸ்?” என்று நானும் பதறிப்போய்க் கேட்பேன்.