சக்களத்திக்கு ஒரு ரேடியேட்டர்

"வெட்டிடுங்க தம்பி" என்றார் அந்த அம்மா.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதைம்மா வெட்டச் சொல்றீங்க? வண்டியோட முன்பக்கச் சட்டத்தையா?"

"அதை வெட்டினாத்தானே இந்த அலுமினிய ரேடியேட்டர் உள்ளே உட்காரும்னு சொன்னீங்க?"

சொன்னது மெக்கானிக்தான். அந்த அம்மா அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்துச் சொன்னது.

அறுபது வருஷத்துப் பழைய கார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர், பட்டறையில் எல்லாருக்கும் 'சார்', அதை ஒவ்வொரு பாகமாகத் தேடித் தேடிப் புதுப்பித்திருந்தார். ஒரு திருகு மாறிப் போனதற்கே இதே பட்டறையில் நின்று ஆடித் தீர்த்த மனுஷர். இப்போது பாக்கி இருப்பது ரேடியேட்டர் ஒன்றுதான். பழையது பற்ற வைக்கிற நிலையைத் தாண்டிவிட்டது, கை வைத்தால் உதிர்கிறது. வண்டி தெருமுனை வரைக்கும் போவதற்குள் கொதித்து நின்றுவிடும்.

"சார் செம்பு ரேடியேட்டர்தான் வேணும்னுட்டாரேம்மா. அச்சு அசலா அதே மாதிரி செஞ்சு அனுப்புவாங்க. மூணு மாசம் ஆகும்னேன். 'மூணு மாசம் என்னய்யா பெரிய மூணு மாசம்'னு சிரிச்சார்."

"அதெல்லாம் வேண்டாம். இது கையில இருக்குல்ல? இன்னைக்கே மாட்டுங்க."

"வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் வண்டிக்கு ஒரு மதிப்பும் இருக்காது."

"போகட்டும்."

அந்த அம்மாவுக்கும் வண்டிக்கும் ஆகாது என்பது பட்டறைக்கே தெரிந்த கதை. "என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் எப்போதும் உள்ளே நுழைவார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று இத்தனை நாளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார் மெக்கானிக். உள்ளுக்குள் அந்த அம்மா எவ்வளவு கறுவிக்கொண்டிருந்தார் என்பது இப்போதல்லவா தெரிகிறது!

வாசலில் நின்ற வண்டிக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சார் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு இந்த அம்மா ஒழுங்காகச் சோறாவது போடுகிறாரா என்று தோன்றியது மெக்கானிக்குக்கு.

"ஏம்மா, அவர் பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி. அவருக்காக ஒரு மூணு மாசம் பொறுக்க முடியாதா உங்களுக்கு?" கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டார்.

அந்த அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்னால பொறுக்க முடியும் தம்பி. அவருக்குத்தான் மூணு மாசம் இல்லை."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"டாக்டர் என்கிட்ட மட்டும்தான் சொன்னார். இவருக்குத் தெரியாது. அல்சர்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒரே ஒரு தடவை, கடற்கரை வரைக்கும் அவர் கையால அந்த வண்டியை ஓட்டிட்டுப் போகணும். பக்கத்துல நான் உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான். செம்பு ரேடியேட்டர் இனிமே கிடைக்காதுன்னு நீங்களே ஒரு பொய் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டார்."

சற்று முன் மனசுக்குள் திட்டியதையெல்லாம் நினைத்து மெக்கானிக் கூனிக் குறுகிப் போனார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தெம்பில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வண்டியருகே போனார்.

"சார், செம்பு ரேடியேட்டர் கிடைக்காது போலிருக்கு. செய்யறவங்க கடையையே மூடிட்டாங்களாம்."

சார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"காலையிலதான் அவங்ககிட்ட போன்ல பேசினேன். திறந்துதான் இருக்காங்க."

மெக்கானிக்கின் பார்வை தன்னையறியாமல் பட்டறைக்குள் நின்ற அந்த அம்மாவின் பக்கம் போனது.

"அவ சொல்லச் சொன்னாளா?"

சார் ஸ்டியரிங்கை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, மெக்கானிக்குக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"வெட்டிடுங்க."

"சார்!"

"ஆனா அதுக்கு முன்னாடி உங்களோட நான் சத்தம் போட்டுக் கொஞ்சம் சண்டை பிடிக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ளே அவளுக்குக் கேட்கட்டும். அப்பத்தான் எனக்கு எதுவும் தெரியாதுன்னு நம்புவா."