ஈரப் போர்வை

அவன் கால்கள் அவள் மடியில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இதுதான் வழக்கம். அவன் சோபாவில் நீட்டிப் படுத்து மடிக்கணினியை வயிற்றில் வைத்துக்கொள்வான். அவள் பாதத்தைப் பிடித்துவிடுவாள். கேட்டு வாங்கிய வழக்கமல்ல. கல்யாணமான இரண்டு வருடத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

திரையில் வடதுருவத்துக்குப் பக்கத்து நாடு ஒன்று. பனிமலை. கறுத்த கடல். தண்ணீருக்கு மேலே ஒரு திமிங்கல வால்.

அந்த வாலை அவள் எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது. இன்னும் அலுக்கவில்லை.

முதலிரவில், உனக்கு என்ன வேண்டும் கேள் என்றான். எல்லா மாப்பிள்ளையும் கேட்பதுதான். வளையலோ கொலுசோ கேட்பாள் என்று நினைத்திருப்பான்.

அவள் திமிங்கலம் கேட்டாள்.

உயிரோடு ஒன்று. நீந்திப் போகிற ஒன்று. கரைக்குத் திரும்பி வராத ஒன்று.

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இங்க பாரு," என்றான் இப்போது. "காலையில படகுல போய்ப் பாக்கலாமாம். சாயங்காலம் ஓட்டல்ல அதையே பொரிச்சுத் தருவானாம். டேஸ்ட் பாத்துருவோமா?"

என்ன ஜனங்கள் இவர்கள். கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு தின்ன உட்காருவார்களாம்.

"சும்மா சொன்னேன்டி," என்றான்.

நம்பினாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒருநாள் விடிந்து பார்த்தால் ஊர்க்கரை முழுக்கத் திமிங்கலங்கள். வாலில் கயிற்றைக் கட்டி, படகில் இழுத்துப்போய் ஆழத்தில் விட்டார்கள். விட விடத் திரும்பி வந்தன. ஏன் வந்தன என்று யாருக்கும் தெரியவில்லை.

வெயில் ஏற ஏறத் தோல் வெடித்தது.

வீட்டுக்கு வீடு புடவையும் சாரமும் போர்வையும் கொண்டுவந்தார்கள். கடலில் நனைத்துப் போர்த்தினார்கள். துணி போதவில்லை. ஒன்றுக்கு மூச்சு நின்றதும் அதன்மேல் கிடந்ததை உருவி, மூச்சிருக்கும் இன்னொன்றுக்குப் போட்டார்கள்.

செத்ததன்மேல் ஒரு நூல்கூட விட்டுவைக்கவில்லை.

அவளும் தன் போர்வையைக் கொடுத்தாள். மஞ்சள் கட்டம் போட்டது. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்பு முக்கோணம்.

மத்தியானம் டவுனிலிருந்து பைக் பைக்காக வந்து இறங்கினார்கள். பொரி தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள். முதுகில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். அப்பா துடுப்பை ஓங்கிக்கொண்டு ஓடினார். இந்தப் பக்கம் குதித்து அந்தப் பக்கம் ஏறினார்கள்.

கேடுகெட்ட ஜென்மங்கள் என்று அவள் மணலில் காறித் துப்பினாள். நாற்றம் ஒரு வாரத்தில் போயிற்று. அந்த முகங்களின் இளிப்பு போகவில்லை.

அவன் போன் கிணுகிணுத்தது.

"ஏட்டி! இதைப் பாரேன்!" துள்ளி எழாத குறை. "நாம திமிங்கலம் பாக்கப் போறோம்னு காலேஜ் குரூப்ல போட்டேன்லா. வின்சி இந்தப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பிருக்கான். இது உங்க ஊராம்! எனக்கு மறந்தே போச்சு. அன்னைக்கே நாம ரெண்டு பேரும் ஒரே கரையில இருந்துருக்கோம். எப்பிடி!"

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

திமிங்கல முதுகில் நாலு பையன்கள். ஒருத்தன் பைக்கில் உட்காருவதுபோலக் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். நடுவில் நின்றவன் கறுப்புக் கண்ணாடி போட்டு இரண்டு விரலைத் தூக்கியிருந்தான். மெலிந்த உடம்பு, மீசை இல்லை. ஆனாலும் அவன்தான். அதே சிரிப்பு. முதலிரவில் சிரிக்காமல் வைத்திருந்தானே, அந்தச் சிரிப்பு.

கீழே நூறு சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

"உயிர் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"சே. செத்துக் கெடந்ததுதான். உயிரோட இருந்தா ஏறுவோமா?"

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

அவன் காலில் வெள்ளை ஷூ.

ஷூவுக்கு அடியில் ஒரு துணி. நனைந்து, முதுகோடு ஒட்டி, வெயிலில் மினுங்கியது.

மஞ்சள் கட்டம்.

இன்னும் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை. ஆக்கினாள். குதிகாலுக்குப் பக்கத்தில் கறுப்பு முக்கோணம் இருந்தது.

அவன் கால் கட்டைவிரலால் அவள் வயிற்றில் செல்லமாக ஒரு நிமிண்டு நிமிண்டினான்.

"என்ன, புக் பண்ணிரவா? ரெண்டு சீட்டுதான் மிச்சம் இருக்காம்."

அவள் கை இன்னும் அவன் பாதத்தின்மேல் இருந்தது. நகம் வெட்டிய, சோப்புப் போட்டுக் கழுவிய, வெள்ளை வெளேரென்ற பாதம். உள்ளங்கை கூசியது. தொட்ட இடத்திலிருந்து தோள்வரை அருவருப்பு ஏறியது.

கையை எடுத்துக்கொண்டாள்.

"காலை எடுங்க."

"மரத்துப்போச்சா?" என்று கேட்டபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு காலைத் தரையில் இறக்கினான்.

"ரெண்டையும்."